எழுந்திருக்கத் தெம்பு இருக்கிறதா? - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்களிடமிருந்து வந்தவை, இல்லாவிட்டால் அவர்களைப் பற்றி அவர்கள் பிள்ளைகள் எழுதியவை. அதனால் பகுதி முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டோம். பதில் சொல்பவர் முதியோர் மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை எடுத்துவிட்டோம்.

கே: எனக்கு 71 வயது. ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், மழை நாள் தவிர விட்டதில்லை. சர்க்கரை, பிபி இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் கொஞ்ச நாளாகத் தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் படி ஏறுகிறேன். இவ்வளவு நடந்துமா இப்படி?

ப: நடையை நிறுத்திவிடாதீர்கள். முதலிலேயே இதைச் சொல்லக் காரணம், பதிலைப் பாதி படித்துவிட்டு "அப்போ நடந்ததெல்லாம் வீணா" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுபவர்கள் உண்டு. உங்கள் சர்க்கரையும் பிபியும் அடங்கி இருப்பதில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு நல்ல பங்கு இருக்கிறது. ஆனால் சோபாவிலிருந்து எழுவது வேறு வேலை. தொடையின் முன்பக்கத் தசையும் பிட்டத் தசையும் சேர்ந்து உங்கள் மொத்த எடையையும் ஒரே மூச்சில் மேலே தூக்க வேண்டும். சமதளத்தில் நடக்கும்போது அந்தத் தசைகளுக்கு அவ்வளவு பாரம் வருவதே இல்லை. பாரம் வராத தசை வளராது, வயதாக ஆக இருப்பதையும் விட்டுக்கொண்டே வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. தசைக்குள் இருக்கும் இழைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மெதுவாக, நெடுநேரம் உழைக்கிற இழைகள் ஒரு வகை, சட்டென்று வேகமாக இயங்குகிறவை இன்னொரு வகை. வயதில் முதலில் மெலிவது இந்த வேகமான வகைதான். கால் தடுக்கினால் அடுத்த காலை டக்கென்று முன்னால் வைத்து நம்மைக் காப்பாற்றுவதும் இதே வகை. நிதானமான நடை பெரும்பாலும் மெதுவான இழைகளோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஐந்து கிலோமீட்டர் அலுங்காமல் நடப்பவர் அரை அடிப் படியில் தடுமாறுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை 65 வயதைத் தாண்டியவர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, குறைந்தது 3 நாள் சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி. முதல் பாடத்தில் நீங்கள் நூற்றுக்கு நூறு. மற்ற இரண்டுக்கும் பரீட்சையே எழுதவில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, கெட்டியான, சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடிக்குள் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். 70 முதல் 74 வயதுக்குள் இருக்கும் ஆணுக்கு 12-க்குக் கீழே, பெண்ணுக்கு 10-க்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு. 80 முதல் 84 வரை என்றால் 10, 9. கையை ஊன்றினால் பூஜ்யம், அதில் சலுகை கிடையாது.

எண்ணிக்கை குறைவாக வந்தாலும் கவலைப்பட வேண்டாம், சோதனையே மருந்தும்கூட. நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். முதுகை வளைக்காமல், மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். எழும்போது கொஞ்சம் வேகமாக, உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு. பலரும் எழுவதற்கு அத்தனை பாடுபட்டுவிட்டு உட்காரும்போது தொப்பென்று விழுவார்கள், பாதிப் பலன் அங்கேயே போய்விடும். கை ஊன்றாமல் முடியவே இல்லையென்றால் இருக்கையில் ஒரு கெட்டித் தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டி அதிலிருந்து ஆரம்பியுங்கள். எட்டு, பத்து தடவை செய்த பிறகு "இன்னும் இரண்டு போகலாம், அதற்கு மேல் முடியாது" என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அளவு. கொஞ்சம் ஓய்வு, அப்புறம் இன்னொரு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சுலபமாகிவிட்டால் தலையணையை எடுங்கள், அதுவும் சுலபமானால் ஒரு தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பாரம் ஏறிக்கொண்டே போக வேண்டும். அதே எடை, அதே எண்ணிக்கை என்று வருஷக்கணக்கில் செய்தால் உங்கள் நடையின் கதைதான் இதற்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பலவீனம் சில நாட்களில் திடீரென்று வந்ததாகவோ, ஒரு காலில் மட்டும் இருப்பதாகவோ, மரத்துப்போகிற உணர்வோடு சேர்ந்ததாகவோ இருந்தால் அதற்குப் பயிற்சி பதில் இல்லை, உடனே டாக்டரிடம் போய்க் காட்ட வேண்டும்.

கே: தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா? என் கைக்கடிகாரம் ஆறாயிரத்தைத் தாண்டுவதே இல்லை. வயது 69.

ப: கடிகாரத்துக்கு என்ன தெரியும் பாவம். பத்தாயிரம் என்பது ஜப்பானில் 1965-ல் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியோடு பரவிய எண், மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வரை பலன் கூடிக்கொண்டே போய் அதற்குப் பிறகு சமமாகிவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் அதிகம் நடப்பார்கள் என்ற வாதமும் இதில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆறாயிரத்துக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றும் இல்லை, ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் சேரும் என்ற பழைய விதியை 2020 பரிந்துரையிலேயே எடுத்துவிட்டார்கள்.

கே: என் மாமியாருக்கு 77 வயது. நான்கு மாதம் முன்பு குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, சிராய்ப்புதான். ஆனால் அன்றிலிருந்து பயம். சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார், வாசலுக்குக்கூட வருவதில்லை. நாங்களும் "அத்தை, நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்" என்றே பழக்கிவிட்டோம். பழைய மாதிரி நடமாட வைக்க முடியுமா?

ப: முடியும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: ஏன் விழுந்தார்? கால் தடுக்கியா, வழுக்கியா, அல்லது கண் இருட்டிக்கொண்டு வந்ததா? "எப்படி விழுந்தேன்னே தெரியல" என்று அவர் சொன்னால் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பிபி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் எழுந்தவுடன் தள்ளாடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தூக்க மாத்திரை இருந்தால் மறக்காமல் காட்டுங்கள். கண்ணாடியையும் கவனியுங்கள். தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் ஒரே கண்ணாடியில் இருந்தால், குனிந்து படியைப் பார்க்கும்போது படிப்பதற்கான பகுதி வழியாகப் பார்த்துப் படி மங்கலாகத் தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு "பார்த்து நடங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பயம்தான் கூடும்.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். விழுந்தவர் பயப்படுவது நியாயம்தான், ஆனால் பயத்தில் நடக்கிறவர் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, குட்டிக் குட்டி அடியாக, கண்ணைத் தரையிலேயே பதித்து நடப்பார். அப்படி நடந்தால் மறுபடி விழுவது சுலபம். கூடவே நடமாட்டம் குறையும்போது கால் இன்னும் மெலியும். சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. உங்கள் அத்தை படுத்த படுக்கையாக இல்லைதான், ஆனால் நான்கு மாதம் ஆகிவிட்டது. நீங்கள் அன்பாகத்தான் எடுத்துத் தருகிறீர்கள், அதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் அவர் எழுந்து போய் எடுத்திருந்தால் ஒரு நாளில் இருபது முப்பது தடவை கால் வேலை செய்திருக்கும், அது அப்படியே நின்றுபோய்விட்டது. நாளையிலிருந்து அவர் டம்ளரை அவரே எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கையை நீட்டாதீர்கள்.

சமநிலைப் பயிற்சிக்கு வீட்டில் மிகப் பாதுகாப்பான இடம் அறையின் மூலை. இரண்டு சுவர் சேரும் இடத்தில் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள், முன்னால் ஒரு கனமான நாற்காலியின் சாய்வுப் பக்கத்தை அவரைப் பார்க்கத் திருப்பிப் போடுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் உண்டு. இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து 10 நொடி நிற்கட்டும். முடிந்தால் ஒரு பாதத்தைப் பாதி முன்னால் நகர்த்தி 10 நொடி. அதுவும் முடிந்தால் ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து. இந்த மூன்றாவது நிலையில் 10 நொடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் அதிகம், அவரோடு எத்தனை நாள் வேலை செய்ய வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் விரல் நுனி நாற்காலியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். பிறகு ஒரு விரல், பிறகு கை மேலே மிதந்தபடி. நிற்கும்போது லேசாகத் தள்ளாடத்தான் வேண்டும், தள்ளாட்டமே இல்லையென்றால் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். முதல் பதிலில் சொன்ன நாற்காலிப் பயிற்சியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சமநிலை, வலு இரண்டையும் குறிவைத்த பயிற்சிகள் முதியவர்கள் விழுவதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-ல் சொன்னார்கள். வெறும் நடைக்கு அப்படி உறுதியான சான்று கிடைக்கவில்லை. தாய்ச்சி என்கிற, மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சியைக் கற்றுத்தருபவர் கிடைத்தால் அதுவும் நல்லது.

கடைசியாக, யாரும் சொல்லித்தராத ஒன்று: தரையிலிருந்து எழுவது. விழுந்த வலியை விட "எழுந்திருக்க முடியாமல் கிடந்தேனே" என்பதுதான் பலருக்கு மனசில் தங்கிவிடுகிறது. மறுபடியும் விழுந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவருக்குப் பயம் பாதியாகும். ஒரு மெத்தை விரிப்பில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருந்து, பழகவிடுங்கள். முதலில் அவசரப்படாமல் கிடந்தபடியே எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு பக்கமாக ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கையை ஊன்றி, நாலு காலில் வர வேண்டும். அப்படியே தவழ்ந்து நாற்காலிக்கோ கட்டிலுக்கோ போய் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கையாலும் காலாலும் சேர்ந்து தள்ளி எழுந்து, இடுப்பைத் திருப்பி உட்கார வேண்டும். உடனே நடக்கக் கூடாது, ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். முழங்கால் ஊன்றவே முடியாதவர்களுக்கும், இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கும் இந்த முறை அப்படியே ஒத்துவராது. அவர்கள் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. நிஜமாகவே விழுந்த நேரத்தில் இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால், அல்லது ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், எழுப்பவே கூடாது. ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கே: வீட்டு வேலை முழுக்க நான்தான் செய்கிறேன். இதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு? (64 வயது இல்லத்தரசி)

ப: அசையாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வீட்டு வேலை களைப்பைத் தருகிற அளவுக்கு வலுவைத் தருவதில்லை, ஏனென்றால் பாரம் கூடுவதே இல்லை, நேற்று தூக்கிய அதே வாளிதான் இன்றும். வாரம் இரண்டு நாள் கால் மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலையை வேறு யாராவது செய்யட்டும், அவர்களுக்கும் உடம்பு அசைந்த மாதிரி இருக்கும்.

கே: முழங்கால் தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். நடந்தால் இன்னும் தேயும் என்று தங்கை பயமுறுத்துகிறாள். வலியோடு பயிற்சி செய்யலாமா? வயது 66.

ப: உங்கள் தங்கை சொல்வது ஊரெல்லாம் சொல்வதுதான், ஆனால் சரியில்லை. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தம் வந்து விலகும்போதுதான் மூட்டுத் திரவம் உள்ளே போய் வந்து ஊட்டம் சேர்கிறது. அசையாமல் வைத்திருந்தால் அதுவும் இல்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதல் வரிசைச் சிகிச்சையாகச் சொல்லப்படுவது பயிற்சிதான், எடை அதிகம் இருந்தால் எடைக் குறைப்பும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது, 2005-ல் வந்த கணக்கு இது.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, முழங்காலுக்கு மேலே தசை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்த்து, ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்து தடவை, அப்புறம் மறுகால். பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டால் வலி மூன்று நான்குக்குள் இருந்தால் தொடரலாம். பயிற்சிக்குப் பிறகு கூடின வலி அடுத்த நாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முழங்கால் சூடாகி, சிவந்து வீங்கினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றாலோ காட்டியே ஆக வேண்டும்.

கே: வலது முழங்காலில் வலி. கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ப: இடது கையில். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடித்து, வலிக்கும் காலும் தடியும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். சினிமாவில் பெரும்பாலும் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள். உயரத்துக்கு, செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு வரை வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே புரட்டிப் பாருங்கள்.

கே: இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் ஒன்று பீட்டா பிளாக்கர். வேகமாக நடந்தாலும் கடிகாரத்தில் நாடித்துடிப்பு ஏறுவதே இல்லை. போதாதோ என்று இன்னும் வேகமாக நடக்கிறேன். சரிதானா?

ப: சரியில்லை, நாளையிலிருந்து அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். துடிப்பு ஏறாமல் பிடித்துவைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அது வேலை செய்துகொண்டிருக்கிறது, நீங்கள் அதோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம், வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள், உடனே நின்றால் பிபி இறங்கித் தலை சுற்றலாம். எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் பிபி எக்கச்சக்கமாக ஏறும். தூக்கும்போது வாயால் ஊதி விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். ஓய்வாக இருக்கும்போதே பிபி 180-க்கு 110-ஐத் தாண்டியிருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வருகிற மாதிரி உணர்வு, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி உதவி கேட்க வேண்டும். "வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்" என்பது வேண்டாம்.

கே: இன்சுலின் போடுகிறேன். வெறும் வயிற்றில் நடக்கலாமா?

ப: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இன்சுலினும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு நடக்கும்போது மட்டுமில்லை, நடந்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழலாம். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

கே: ஒற்றைக்காலில் 10 நொடி நிற்க முடியாவிட்டால் ஆயுள் குறைவு என்று ஒரு வீடியோ வந்தது. என்னால் 6 நொடிதான் முடிகிறது. தூக்கமே போய்விட்டது.

ப: நிம்மதியாகத் தூங்குங்கள். 2022-ல் வந்த ஆய்வு அது. 51 முதல் 75 வயதுக்குட்பட்ட 1,702 பேரைப் பார்த்ததில், 10 நொடி நிற்க முடியாதவர்களிடம் அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நிற்காததால் யாரும் சாகவில்லை. சர்க்கரை, உடல் பருமன், இதய நோய் உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருந்தார்கள். ஆய்வாளர்கள் வயதையும் நோய்களையும் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு மிச்சமிருந்தது உண்மைதான், ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. 6 நொடியைப் பழகி 10 ஆக்கலாம். பல் தேய்க்கும்போது வாஷ்பேசினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கே: எலும்பு அடர்த்தி மிகவும் குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியைத் தொடரலாமா? நீச்சல் போகலாமா?

ப: குனிவதை நிறுத்துங்கள், குறிப்பாக முதுகு கூனாகும்படி வளைவதையும், படுத்தபடி தலையையும் தோளையும் மேலே தூக்கும் வயிற்றுப் பயிற்சியையும். முதுகெலும்பு பலவீனமான பெண்களில் முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களுக்கு, நிமிர்ந்து பின்னால் போகும் பயிற்சி செய்தவர்களைவிட மிக அதிகமாக முதுகெலும்பு முறிந்ததை 1984-லேயே கவனித்திருக்கிறார்கள். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, முதுகை நேராக வைத்து இறங்குங்கள். நீச்சல் இதயத்துக்கும் மூட்டுக்கும் அருமை, ஆனால் தண்ணீர் நம் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் பெரிய வேலை இல்லை. எலும்புக்கு நிற்கிற, நடக்கிற, எடை தூக்குகிற பயிற்சி வேண்டும்.

கே: எனக்கு 84. இனிமேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது? பேத்தி நச்சரிப்பதால் கேட்கிறேன்.

ப: பேத்திக்கு என் நன்றி. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய, ஏற்கனவே தளர்ந்துபோயிருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். விளையாட்டு எடை இல்லை, அவர்களால் தூக்க முடிந்த அளவில் பெரும்பகுதி. முடித்த ஒன்பது பேரின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூன்று பேரில் ஒருவர் எழ ஆரம்பித்தார். மற்ற இருவருக்கு அது வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் 2017-ல், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். அவரை உங்களுக்கு உதாரணமாகக் காட்ட மாட்டேன், அவர் வேறு ரகம். ஆனால் அவருடைய உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 101-லிருந்து 103 வயதுக்குள் 13 சதவீதம் கூடியதை அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வயதிலும் ஏற்றம் சாத்தியம் என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கு முதல் வாரம்: சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து தடவை, நாற்காலியிலிருந்து எழுவது ஐந்து தடவை. பேத்தி எண்ணட்டும். ஒவ்வொரு வேளை சாப்பாட்டிலும் புரதம் இருக்கிறதா என்றும் அவளையே பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாளொன்றுக்கு வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

கே: மகன் ஜிம்மில் சேர்த்துவிட்டான். 67 வயதில் இளவட்டங்களுக்கு நடுவே நிற்கக் கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் போய்வந்து இரண்டு நாள் படி இறங்க முடியவில்லை, போவதை நிறுத்திவிட்டேன்.

ப: அந்த வலி தசை வலி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய் தானே இறங்கும், காயம் இல்லை. முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்யவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மறுபடி போங்கள் அம்மா, ஆனால் பயிற்சியாளரிடம் உங்கள் மாத்திரைகள், பழைய அறுவை சிகிச்சைகள் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். அதையெல்லாம் கேட்காமலேயே எடையைக் கையில் கொடுப்பவராக இருந்தால் ஆளை மாற்றுங்கள். முதுகுக்குச் சாய்மானம் உள்ள இயந்திரங்கள் ஆரம்பிப்பவருக்கு நல்லவை, உட்கார்ந்து காலால் தள்ளுவது ஒன்று, கையால் பின்னுக்கு இழுப்பது ஒன்று, இரண்டே போதும். கூச்சத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. முற்பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள், இளவட்டங்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

கே: மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தேன், நல்ல மாற்றம் தெரிந்தது. பிறகு காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாமா? வயது 73.

ப: வேண்டாம். மேலே சொன்ன பாஸ்டன் முதியவர்களுக்கே பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் பெற்ற வலுவில் நல்ல பகுதி இறங்கிவிட்டது, உங்களுக்குக் காய்ச்சல் வேறு. காய்ச்சல் முழுசாக விட்டு, சாப்பாடு பழையபடி இறங்க ஆரம்பித்ததும், எடையிலும் எண்ணிக்கையிலும் பாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் நாலைந்து நாள் வீட்டுக்குள் நடை மட்டும். படுத்திருந்த காலத்தில் ஒரு காலில் மட்டும் ஆடுதசை வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிற மாதிரி ஆகியிருந்தால் பயிற்சியைத் தொடங்காதீர்கள், அந்தக் காலை நீவிவிடவும் கூடாது. ரத்தக்கட்டி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் தடவை மூன்று மாதம் எடுத்ததற்கு இந்தத் தடவை அவ்வளவு நாள் எடுக்காது, ஒரு தடவை வளர்ந்த தசை திரும்பி வருவதில் கொஞ்சம் சுறுசுறுப்பு காட்டும்.